மழையில் இறுகிய நிலக்கரி

அந்த ஊரில் வீட்டு வரி வாங்குவதும், குழாயில் தண்ணீர் விடுவதும், குப்பை அள்ளுவதும் எந்த ஆபீஸோ, அதே ஆபீஸ்தான் கரண்டும் தயாரித்தது. நான் முதலில் நம்பவில்லை. எங்கள் கொல்லிமலையில் கரண்ட் என்பது கீழேயிருந்து கம்பியில் ஏறி வருவது, காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் வந்த வழியே இறங்கிப் போய்விடுவது. ஒரு நகரம் தனக்கென்று சொந்தமாக ஒரு மின் நிலையம் வைத்துக்கொண்டு, நிலக்கரியை எரித்து, தன் தெருவிளக்கைத் தானே ஏற்றிக்கொள்கிறது என்று என் கணவர் போனில் சொன்னபோது, கதை விடுகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் அப்போதெல்லாம் நன்றாகக் கதை விடுவார், எழுதுவது மட்டும் நான்.

மரவள்ளிக்கு விலை இல்லாமல் போய், மிளகுக் கொடியும் வாடல் நோயில் கருகிய வருஷம் அது. எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம்; எங்கள் வாழவந்தி நாட்டிலிருந்து ஆண்கள் கும்பல் கும்பலாக வெளியூர் போனார்கள். திருப்பூர் போனவர்கள் பாதி, கேரளா போனவர்கள் மீதி. என் கணவர் மட்டும் யாரும் போகாத இடத்துக்குப் போனார். மாநிலம் தாண்டி, மொழி தெரியாத அந்த நகரத்துக்கு. ஒரு கான்ட்ராக்டர் வந்து ஆள் எடுத்தார். மலைக்காரனுக்குக் கால் வழுக்காது, நிலக்கரி மேட்டில் ஏற அவன்தான் லாயக்கு என்று அந்த ஆளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். எங்களைப் பாராட்டுகிறார்கள் என்று நாங்களும் பல்லிளித்தோம்.

கல்யாணமான புதிதில் நானும் அங்கே போய்க் கொஞ்ச காலம் இருந்தேன். நிலையத்தின் பின்பக்கச் சுவரை ஒட்டி வரிசையாகத் தகரம் போட்ட அறைகள். வெள்ளைத் துணியைக் காயப்போட்டால் சாம்பல் நிறத்தில் திரும்ப எடுக்கலாம். சோற்றுப் பானையைத் திறந்து வைத்துவிட்டு ஒரு நிமிஷம் திரும்பினால், மேலே மிளகுத்தூள் தூவின மாதிரி இருக்கும். ரயிலில் நிலக்கரி வரும். ஒரு இயந்திரம் பெட்டியை அப்படியே தூக்கிப் புரட்டிக் கொட்டும். டோசர் வண்டி அதை மேடு மேடாகக் குவித்து, தரையில் இருக்கும் பெரிய குழிக்குள் தள்ளும். குழிக்கு அடியில் பெல்ட் ஓடும். பெல்ட் கரியை அரைவைக்குக் கொண்டுபோகும், அரைத்த மாவு பாய்லருக்குப் போகும், எரிந்த சாம்பல் தண்ணீரோடு கலந்து குழாய் வழியே ஒரு குளத்துக்குப் போகும். இத்தனைக்கும் பிறகு அந்தப் பக்கம் நகரத்தில் யாரோ ஒருவர் பொத்தானைத் தட்டுவார், ஃபேன் சுற்றும். அவருக்கு நாங்கள் இருப்பதே தெரியாது. எனக்கு அதில் ஒரு எரிச்சல் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

மழைக்காலத்தில்தான் என் கணவருக்கு வேலை அதிகம். நனைந்த நிலக்கரி குழியில் இறங்காது. களி மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும். அடியில் பெல்ட் காலியாக ஓடும். உடனே மேட்டின்மேல் ஆளை ஏற்றிக் கடப்பாரையால் குத்திவிடச் சொல்வார்கள். ஆளை ஏற்றுவதற்கு முன்னால் பெல்ட்டை நிறுத்த வேண்டும் என்பது சட்டம். சுவரில் பெரிய எழுத்தில், படத்தோடு எழுதி வைத்திருந்தார்கள். நானே பார்த்திருக்கிறேன். நிறுத்தினால் உலைக்குத் தீனி குறையும், நகரத்தில் கரண்ட் குறையும், மேலிடத்திலிருந்து போன் வரும். அதனால் சூப்பர்வைசர் சுவரைப் பார்க்காமல் கடிகாரத்தையே பார்ப்பான்.

அந்த ஊர் ஆட்களும் அங்கே வேலை பார்த்தார்கள். அவர்கள் மேட்டில் காலே வைக்க மாட்டார்கள். ஓரத்துச் சிமெண்டு கட்டையில் நின்றுகொண்டு, நீளமான கம்பியால் எட்டிக் குத்துவார்கள். எங்கள் ஆட்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சமவெளியில் பிறந்தவன் மேட்டைக் கண்டால் பயப்படுவான் என்று கேலி பேசுவார்கள்.

அங்கன்வாடியில் எனக்கு வேலை கிடைத்ததும் நான் மலைக்குத் திரும்பிவிட்டேன். நான் விட்டு வந்த இடத்துக்கு என் தம்பி போனான். அவன் வாசலூர்பட்டி ஏரிக்கரையில், படகில் சுற்ற வருகிறவர்களுக்கு அன்னாசிப் பழம் அறுத்து மிளகாய்ப் பொடி போட்டு விற்றுக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை நல்ல வியாபாரம், மற்ற நாளில் ஈ ஓட்டல். மாமாவோடு போனால் மாசச் சம்பளம் என்று கிளம்பிவிட்டான். அங்கே போன பிறகு தினமும் வீடியோ கால் போடுவான். புகைபோக்கியைக் காட்டுவான், தான் வாங்கிய தொப்பியைக் காட்டுவான், என் கணவர் சமைத்த குழம்பைக் காட்டி மூக்கைப் பொத்திக்கொள்வான். முகமெல்லாம் கரி அப்பியிருக்கும். பல் மட்டும் தெரியும். "அடையாளம் தெரியுதா அக்கா?" என்று கேட்பான். என் பிறந்த வீடு இருக்கும் தேவனூர் நாட்டில் அம்மா போனை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் தன் நெற்றியை மட்டும் அவனுக்குக் காட்டிக்கொண்டிருப்பாள்.

அவன் போன முதல் மழைக்காலத்தில் நிலக்கரி மேடு அவனை விழுங்கிவிட்டது. எனக்கு இதை வேறு விதமாக எழுதத் தெரியவில்லை. பகலில், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது நடந்தது. மேலே நின்றவன் காலடி உடைந்து உள்ளே போனான். பெல்ட்டை நிறுத்தி, டோசர் வந்து, தோண்டி எடுப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. என் கணவர் கையாலேயே தோண்டியிருக்கிறார். வந்து இறங்கியபோது அவர் விரல்களில் பல நகங்கள் இல்லை.

ஆம்புலன்ஸ் வண்டி மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவாகத் திரும்பி மேலே வந்தது. அவனைக் குளிப்பாட்டியபோது நான் பக்கத்தில் நின்றேன். எத்தனை தண்ணீர் ஊற்றியும் காது மடலிலும் இமையிலும் இருந்த கரி போகவில்லை. அம்மா தன் முந்தானையை நனைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தாள். போதும் என்று யாரோ அவள் கையைப் பிடித்தார்கள். அவனைக் கரியோடுதான் புதைத்தோம். கான்ட்ராக்டர் பணம் கொடுத்தார், வேலையில் கவனக்குறைவு என்று ஒரு பேச்சும் சொல்லிவிட்டுப் போனார். பெல்ட் ஓடிக்கொண்டிருந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த ஆள் முகத்தில் காறித் துப்பியிருக்க வேண்டும். அன்றைக்கு என்னிடம் அதற்குக்கூடத் தெம்பில்லை.

என் கணவர் பிறகு அங்கே போகவில்லை. எங்கள் வயல்காட்டில் வேலை செய்ய ஆரம்பித்தார். செய்ய ஆரம்பித்தார் என்று சொல்வதுகூடத் தப்பு. மழை பெய்து ஓய்ந்தால் ஊரே மண்வெட்டியோடு கிளம்பும், இவர் வீட்டை விட்டு வெளியே வர மாட்டார். வரப்பில் நடக்கும்போது கையில் ஒரு குச்சி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அடியையும் குத்திப் பார்த்துத்தான் காலை வைப்பார். பிறந்ததிலிருந்து ஓடி விளையாடிய படிக்கட்டு வயல் அது. பார்த்தவர்கள் முதலில் கிண்டல் செய்தார்கள், பிறகு பாவம் என்றார்கள், பிறகு பார்க்காத மாதிரி போனார்கள்.

அம்மாவுக்கு என்னையும் தம்பியையும் தவிர யாரும் இல்லை. அப்பா முன்பே போய்விட்டார். தம்பியும் போன பிறகு அவள் பாசம் முழுவதையும் என் கணவர் மேல் கொட்டினாள். இரண்டு பஸ் மாறி, மடியில் கட்டிய பலாச்சுளையோடு வந்து இறங்குவாள். "நீயாவது முழுசா திரும்பி வந்தியே சாமி" என்று அவர் தலையைத் தடவுவாள். அவருக்கென்று கேழ்வரகுக் களி கிண்டுவாள், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடச் சொல்வாள். அவரோ ஒரு வாய் உருட்டிவிட்டு, மாடு கத்துகிறது என்று எழுந்து போய்விடுவார். எங்களிடம் மாடே கிடையாது. அம்மா வருகிற பஸ் சத்தம் கேட்டாலே பின்வாசல் வழியாகக் கிளம்பிவிடுவார். தன்னைப் பாரமாக நினைக்கிறாரோ என்று அம்மா என்னிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தாள். அப்படியெல்லாம் இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. எனக்கும் அவர் மேல் கோபமாகத்தான் இருந்தது.

காரணத்தை அவர் மிளகு பறிக்கும்போது சொன்னார். நான் ஏணிக்குக் கீழே நின்று, அவர் பறித்துப் போடுவதைச் சாக்கில் வாங்கிக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து மிளகு வருவது நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். ஏணியில் நின்றபடி, மரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

எங்கள் மலையில் சரிவில் நடக்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரு பழக்கம் உண்டு. புது இடத்தில் காலை வைக்கும் முன், குதிகாலால் ஓங்கி ஒரு மிதி மிதித்துப் பார்ப்போம். காய்ந்து பொடிந்த மண்தான் காலை வாரிவிடும். நல்ல மழை குடித்து இறுகிய மண் தொம்மென்று கனமாகச் சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தம் கேட்டால் கவலையில்லாமல் நிற்கலாம். யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, நடக்கப் பழகும்போதே வந்துவிடுகிறது. அன்றைக்கு என் கணவர்தான் முதலில் மேட்டில் ஏறியிருக்கிறார். இரண்டு நாள் மழையில் நிலக்கரித் தூள் சேறாகி, இறுகி, மேலே ஓடு கட்டியிருந்தது. குதிகாலால் மிதித்தார். தொம்மென்றது. அடியில் ஓடிய பெல்ட் கரியை இழுத்து இழுத்து, அந்த ஓட்டுக்குக் கீழே ஓர் அறை அளவுக்குக் குடைந்து வைத்திருந்தது அவருக்குத் தெரியாது. தம்பி ஓரத்துச் சிமெண்டு கட்டையில் தயங்கி நின்றிருக்கிறான்.

"கெட்டியாத்தான் இருக்குது, வா மாப்ளேன்னு நான்தான் கூப்புட்டேன். நான் கடப்பாரை எடுக்க ஓரமாத் திரும்புனேன். அவன் நான் நின்ன எடத்துக்கே வந்து நின்னான்" என்றார்.

சாக்கை அப்படியே போட்டுவிட்டு நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை. அதற்குப் பிறகும் பல மாதங்கள் தேவைக்கு மட்டும்தான் பேசினேன். பெல்ட்டை நிறுத்தாதவன் குற்றவாளி, ஆளை ஏற்றியவன் குற்றவாளி என்று எனக்கு நன்றாகவே தெரியும். அங்கன்வாடிக்கு வரும் குழந்தைகூட அதைச் சொல்லிவிடும். ஆனால் சூப்பர்வைசர் என் வீட்டில் இல்லை. என் வீட்டில் இருந்தவர் இவர். சாப்பிடும்போது இவர் வாயைப் பார்ப்பேன், இந்த வாய்தானே கூப்பிட்டது என்று தோன்றும். அவரை வெறுத்தேன். அவர் இல்லாமல் எனக்கு ஒரு நாளும் ஓடாது என்பதும் தெரிந்தே வெறுத்தேன்.

அம்மாவிடம் சொல்லிவிடுகிறேன் என்று அவர் துடித்தார். கூடவே கூடாது என்று நான் தடுத்தேன். மகனைக் கொடுத்துவிட்டு மருமகனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள். அந்தப் பிடியையும் உருவிவிட்டால் எதைப் பிடித்துக்கொண்டு இருப்பாள் என்று சண்டை போட்டேன். என் பயம் அதோடு முடியவில்லை. அம்மா அவரைச் சபித்துவிட்டால் நான் யார் பக்கம் நிற்பது? எந்த வீட்டில் உட்கார்ந்து அழுவது? அவரைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு என்னையும்தான் காப்பாற்றிக்கொண்டேன். அவர் வாயை மூடிக்கொண்டார்.

அறுவடை முடிந்த ஒரு சந்தை நாளில் அம்மா வந்தாள். தம்பி பேரில் அப்பா விட்டுப்போன நிலத்தை என் கணவரே உழுது விதைக்க வேண்டும் என்றாள். தன்னால் முடியவில்லை, தரிசு கிடந்தால் மகன் மனசு ஆறாது என்று சொன்னாள். சொல்லிவிட்டு அவர் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்தபோதே இனி என்னால் தடுக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. மறுநாள் காலையில் அம்மா ஊருக்குப் போகச் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். "அந்த மண்ணுல நான் எப்படிக் கால் வெப்பேன் புள்ள?" என்றார். அங்கன்வாடிக்கு லீவு சொல்லிவிட்டு நானும் கூடப் போனேன்.

அம்மா வீட்டுக்கு மேலே உள்ள பாறையில் சாமை காயப்போட்டிருந்தாள். நல்ல வெயில். பாறையில் ஏறும்போது அவர் குச்சியால் குத்திப் பார்க்கவில்லை, அது பாறை என்பதால். அம்மா வாங்க சாமி என்று எழுந்தாள். அவர் உட்காரவில்லை. நின்றபடியே, எனக்குச் சொன்ன அதே வார்த்தைகளைச் சொன்னார். ஒன்றைக் கூட்டவில்லை, ஒன்றைக் குறைக்கவில்லை. பெல்ட்டைப் பற்றிக்கூட அவர் சொல்லவில்லை. நான்தான் இடையில் புகுந்து பெல்ட் ஓடியதையும், ஆளை ஏற்றியவனையும் சொன்னேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. அவரையும் பார்க்கவில்லை. காலால் சாமையைக் கிளறிவிட்டுக்கொண்டே கேட்டாள். அவர் பேசி முடித்த பிறகும் அவள் கால் நிற்கவில்லை. பாறையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கோடு கோடாகக் கிளறிக்கொண்டு போனாள். அவர் கீழே இறங்கி பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.

நான் அவர் பின்னால் போவதா, அம்மாவோடு இருப்பதா என்று தெரியாமல் நின்றேன். இத்தனை நாள் எதற்குப் பயந்தேனோ அது வந்தேவிட்டது என்று நினைத்தேன். அம்மா வாய்விட்டுத் திட்டியிருந்தால் அவள் காலில் விழுந்திருப்பேன். அவள் திட்டவில்லை. கிளறுவதை நிறுத்திவிட்டுப் பாறையிலேயே உட்கார்ந்தாள். பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"பஸ் ஏறறப்ப அவன் சட்டையப் புடிச்சு நான்தான் சொல்லியனுப்புனேன் கண்ணு. புது எடம், உன் இஷ்டத்துக்குக் கால நீட்டாத. மாமன் எங்க வெக்கச் சொல்றாரோ அங்க வெய்யின்னு சொன்னேன். அவன் என்னிக்கு என் பேச்சக் கேட்டான்? அங்க போயிக் கேட்டிருக்கான்."

அவள் அழுதாள். சத்தம் போட்டு அழுகிறவள் அன்றைக்குச் சத்தமே இல்லாமல் அழுதாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் அழுகை வந்தது, தம்பிக்காகவா, அம்மாவுக்காகவா, கீழே தனியாக நடந்து போகிறவருக்காகவா என்று எனக்கே தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மழை பிடிப்பதற்குள் உழவு ஓட்டிவிடச் சொல்லு என்றாள். நான் எழுந்தபோது கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நான் சொன்னத உன் ஊட்டுக்காரர்கிட்டச் சொல்லிப்போடாத. அவரு தாங்க மாட்டாரு. நான் சொன்ன சொல்லுக்குத்தான் பையன் அவரு பேச்சக் கேட்டான்னு நெனச்சு நெனச்சே செத்துருவாரு."

சரி என்று தலையாட்டினேன்.

பஸ் நிறுத்தத்தில் அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். வாழவந்தி நாட்டுக்குப் போகிற பஸ் வந்து, நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. நாங்கள் ஏறவில்லை. அத்தை என்ன சொன்னாங்க என்று கேட்டார். தீர்ப்புக்கு நிற்கிறவர் மாதிரி இருந்தார். மழைக்கு முன்னால் உழவு ஓட்டிவிடச் சொன்னார்கள் என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அந்த ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து அழுதார். தம்பி இறந்த பிறகு அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்த வருஷம் அவர் அந்த நிலத்தை உழுதார். இன்றும் உழுகிறார், குச்சியும் கையுமாக. அம்மா இருந்தவரை ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். இருவரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். களியை மட்டும் அவர் முழுதாகச் சாப்பிட ஆரம்பித்தார். போன தையில் அம்மாவும் போய்விட்டாள். அவளைத் தம்பிக்குப் பக்கத்தில் புதைத்தோம். குழி வெட்டும்போது இவர் கடைசி வரை கிட்டே வரவில்லை.

அவள் சொன்னதை நான் இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. பலமுறை வாயைத் திறந்திருக்கிறேன், அவர் குச்சியால் வரப்பைக் குத்திப் பார்ப்பதைக் கண்டு மூடிக்கொண்டிருக்கிறேன். அம்மா நினைத்தது சரியா என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. தன் ஒரு வார்த்தைதான் அவனை அந்த மேட்டில் ஏற்றியது என்று ஒரு மனுஷன் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருப்பது அதைவிடப் பெரிய கொடுமை என்று தோன்றுகிறது. நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. எழுதிவிட்டேன். நான் எழுதியதை அவர் எப்போதும் முதலில் வாங்கிப் படிப்பார்.